காய்ச்சல் பக்கம்

வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. திரையில் ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை, இன்ன தப்பு நடந்தது என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. மிளகம்மா மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். கல்லுளிமங்கன் மாதிரி அது வாயைத் திறப்பதாக இல்லை.

மிளகம்மா என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. மகளுக்குச் செல்லப்பெயர் மிளகு. ஆளும் அத்தனூண்டு, காரமும் அப்படி. அந்தப் பெற்றோர் குழுவில் யாருக்குமே சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. பிள்ளையின் செல்லப்பெயரோடு ஒரு அம்மாவையோ அப்பாவையோ ஒட்டிவிட்டால் போதும், ஆள் பெயர் தயார். ஆபீஸில் மட்டும் அவள் வேறு ஆள். கதவும் ஜன்னலும் செய்து விற்கும் ஒரு கம்பெனியின் வலைத்தளத்தைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. எந்தக் கதவு எந்த நிறத்தில் கிடைக்கும், எந்த ஜன்னலுக்குக் கொசுவலை உண்டு என்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருப்பாள். சம்பளம் அதற்குத்தான்.

உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை இன்னொன்று உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. அந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வியாதி. சாதாரண நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும், சண்டை போடும், பென்சிலைக் கடிக்கும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பாடு இறங்காமல் போனால்தான் வினை. மற்ற பிள்ளைகள் ஒரு வேளை பட்டினி கிடந்தால் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். இவர்கள் உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. ஊசி வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் மயக்கம், அதற்கப்புறம் சொல்லவே வேண்டாம். பெரிய பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களிலேயே பாதிப் பேர் இந்த வியாதியைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

அதனால்தான் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு விக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வரும் யாரும் எழுதலாம், திருத்தலாம் என்கிற மாதிரியான வலைத்தளம். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அதற்குக் காய்ச்சல் பக்கம் என்று பெயர். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் போனை நீட்டிவிடலாம். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று டாக்டர் படித்துக்கொள்வார். நிபுணர் சரிபார்த்துக் கையெழுத்து வைத்த பக்கங்கள் அவை.

அந்த விக்கியைத்தான் இன்றைக்கு மிளகம்மா புது சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய சர்வரை வாடகைக்குக் கொடுத்த கம்பெனி கடையைக் கட்டுகிறது. இன்று மதியத்தோடு இணைப்பைத் துண்டிப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், சொன்னபடியே துண்டித்தும்விட்டார்கள். தரவை எல்லாம் முன்கூட்டியே மூட்டை கட்டி எடுத்துவந்து புது சர்வரில் ஏற்றியாயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் புது விக்கியை நிறுவிவிட்டால் வேலை முடிந்தது. மத்தியானம் கொஞ்ச நேரம் தளம் வேலை செய்யாது என்று குழுவுக்கு எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சொல்லும் கொஞ்ச நேரத்தை நம்பி அடுப்பில் பால் வைத்துவிட்டு வரக் கூடாது. அவளுக்கே அது தெரியும், இருந்தும் அப்படித்தான் எழுதினாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. போன் அடித்தது. பட்டனம்மா.

பட்டன் என்பவன் எங்கே பொத்தானைக் கண்டாலும் அமுக்கிவிடும் பையன். லிஃப்ட், காலிங் பெல், கடைக்காரரின் கால்குலேட்டர், எதுவும் தப்பாது. அவன் அம்மாவும் மிளகம்மாவும் நேரில் சந்தித்தது சொற்பம். ஆனால் தினம் பேசாமல் இருவருக்கும் பொழுது போகாது. பட்டனம்மா எப்போதும் இரைந்து பேசுகிறவள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு அவள் குரல் அமைதியாக இருந்தது. மிளகம்மா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

பட்டனுக்குக் காலையிலிருந்து வாந்தி. வீடு பார்ப்பதற்காக வெளியூர் போன இடத்தில். தெரியாத ஆஸ்பத்திரி, தெரியாத டாக்டர். சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார்களாம், சரியாக இருக்கிறதாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள், உட்காருங்கள், பார்க்கலாம் என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். எப்போதும் பார்க்கும் நிபுணருக்குப் போட்டால் போன் அணைந்திருக்கிறது, விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறாராம். சர்க்கரை சரியாக இருந்தாலும் ட்ரிப் போட வேண்டும் என்று பட்டனம்மா சொன்னதற்கு, அப்படி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கேட்டது தப்பில்லை. காட்டத்தான் ஒன்றும் இல்லை.

"தளம் தெறக்க மாட்டேங்குது," என்றாள் பட்டனம்மா. "எப்ப வரும்?"

"அஞ்சு நிமிஷம்," என்றாள் மிளகம்மா.

போனை வைத்ததும் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் காட்ட ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணமே அவள்தான். போன வருஷம் ஒரு அப்பா, பழைய காகிதம் ஒன்றை ஆஸ்பத்திரியில் நீட்டிவிட்டார். பிள்ளை சின்னதாக இருந்தபோது அச்சடித்தது. மருந்து அளவெல்லாம் பழைய எடைக்கு. நல்ல வேளை, நர்ஸ் ஒருத்தி கவனித்தாள். கேள்விப்பட்டதும் மிளகம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். இனிமேல் காகிதம் கூடாது, பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளவும் கூடாது, பார்ப்பதானால் தளத்தில் மட்டும்தான் என்று குழுவில் சட்டம் போட்டாள். காகிதம் பழசாகும், தளம் பழசாகாது என்று தடித்த எழுத்தில் வேறு எழுதினாள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பட்டனம்மா தன் பையிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பினாள், சிரிக்கும் பொம்மையோடு.

முதலில் இந்த வெள்ளைப் பக்கத்தைப் பேசவைக்க வேண்டும். தப்பு நேர்ந்தால் வாயை மூடிக்கொள் என்று சர்வரில் ஒரு ஏற்பாடு இருக்கும். அதை மாற்றி, பிழைகளைத் திரையில் காட்டு என்று ஒரு வரி எழுதினாள். காட்டியது. தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை, கடவுச்சொல் தவறு. தானே வைத்த கடவுச்சொல்தான். அதைச் சரிசெய்தால், அடுத்தபடி விக்கி ஓடத் தேவையான துணை நிரல் ஒன்று இல்லை என்று முரண்டு பிடித்தது. அதை இறக்கிப் போட்டாள். இறங்கும் கோடு ஆமை மாதிரி ஊர்ந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே அந்தக் கோட்டை முறைத்தாள், முறைத்தால் வேகமாக ஓடும் என்பதுபோல.

பக்கத்து மேஜைக் கணக்காளர் அண்ணன் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் நேரம் தெரியாது. ஸ்லைடிங் ஜன்னல் விலையை இன்னும் மாற்றவில்லையா, மேனேஜர் கேட்டாரே என்றார். மாற்றுகிறேன் அண்ணா என்றாள். சாப்பிடவில்லையா என்றார். சாப்பிடுகிறேன் அண்ணா என்றாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவரும் பெருந்தன்மையாகத் தன் தயிர் டப்பாவுக்குத் திரும்பிவிட்டார்.

துணை நிரல் வந்து சேர்ந்தது. புதுப்பித்தாள். இன்னும் விக்கி அமைக்கப்படவில்லை, முதலில் அமைத்துக்கொள்ளவும் என்று திரை சொன்னது. அமைத்தாயிற்றே! அமைப்புக் கோப்பு இதோ, கண்ணெதிரே, வைக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நன்றாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோப்பு அவள் பெயரில் இருந்தது. சர்வர் அதைத் திறந்து படிக்க அனுமதி இல்லை. சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்து இன்னும் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று ஏசுகிற கதைதான். அனுமதியை மாற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

தளம் திறந்தது. அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

வரவேற்கிறோம், விக்கி வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். பட்டன் என்று தேடினாள், அப்படி ஒரு பக்கம் இல்லை என்றது. மிளகு என்று தேடினாள், இல்லை. காய்ச்சல் என்று தேடினாள், நீங்களே புதிதாக எழுதுங்களேன் என்று மரியாதையாகச் சொன்னது. ஒரு பிள்ளையின் பக்கமும் இல்லை. வருஷக்கணக்காக இத்தனை பேர் அழுதுகொண்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டும் எழுதிச் சேர்த்ததெல்லாம் எங்கே?

பழைய சர்வரைத் தட்டிப் பார்த்தாள். அது ஏற்கெனவே செத்துவிட்டது. எடுத்துவந்த மூட்டையையே பிரித்து அதில் நேராகத் தேடலாம் என்று பார்த்தால், பக்கங்களெல்லாம் சுருக்கிச் சேமிக்கப்பட்டு, பூச்சி ஊர்ந்த மாதிரி என்னென்னவோ குறிகளாக இருந்தன. நிறுவும்போது ஏதோ கேட்டதே, சரி என்று அழுத்தினோமே, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்பதற்கா சரி சொன்னோம்? நினைவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுபடி பட்டனம்மா.

"எதுத்தாப்புல லிஃப்ட் இருக்கு," என்றாள். "அவன் ஏறிட்டுக்கூடப் பாக்கல. மடியில படுத்துட்டான்."

இதோ வந்துடும், தளம் திறந்துவிட்டது, பக்கங்கள்தான் வர வேண்டும், ஒரே ஒரு நிமிஷம் என்று மிளகம்மா என்னென்னவோ சொன்னாள். பட்டனம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அவன் பக்கத்த நீதான வெச்சிருக்க," என்றாள். "நீயே சொல்லு. டாக்டர்கிட்ட போனக் குடுக்கறேன்."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் பிள்ளையின் பக்கத்தைத் தானே எழுதுவதில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதினார்கள். பார்த்தால், ஒரு அம்மா வலிப்பு என்ற வார்த்தையையே விட்டுவிட்டாள். ஒரு அப்பா மயக்கத்தைச் சோர்வு என்று மாற்றியிருந்தார். பெற்ற கைக்கு அதெல்லாம் எழுத வரவில்லை. அதனால் மாற்றிக்கொண்டார்கள். பட்டனின் பக்கம் மிளகம்மாவிடம், மிளகின் பக்கம் பட்டனம்மாவிடம். நிபுணர் ஒன்று சொன்னால், எடை கூடினால், மருந்து மாறினால், பக்கத்தை வைத்திருப்பவர்தான் திருத்த வேண்டும். எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறாள். கண்ணை மூடினால் வரிகள் வரும்.

வரும்தான். ஆனால் திரையில் இருப்பது வேறு, வாயால் சொல்வது வேறு. திரையில் தப்பு இருந்தால் நாளைக்குத் திருத்தலாம். இப்போது நாக்கு குளறினால் அது நேராக அந்தப் பையனின் நரம்புக்குள் போகும். இந்த நேரம் முழுக்க அவள் சர்வரோடு மல்லுக்கட்டியதற்குக் காரணமே இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சர்வரிடம் தப்பு செய்தால் மறுபடி செய்து பார்க்கலாம். வாயைத் திறப்பதற்குத்தான் பயம்.

"நான் தப்பா சொல்லிட்டா?"

"நீ தப்பா எழுதியிருந்தா மட்டும்? அதத்தான காட்டியிருப்பேன்," என்றாள் பட்டனம்மா. குரல் முதல் தடவையாக உடைந்தது. "சொல்லு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வர மாட்டேங்குது."

மிளகம்மா எழுந்தாள். திரையை அப்படியே விட்டுவிட்டு மாதிரி அறைக்குள் போனாள். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் கதவுகளை நிறுத்திவைத்திருக்கும் அறை. திறந்தால் எங்கும் போகாத கதவுகள். தேக்கு நிறக் கதவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் டாக்டர் வந்தார். இளம் பெண் குரல், களைத்த குரல்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல டாக்டர். எனக்கும் இதே வியாதியோட ஒரு பொண்ணு இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. இருந்தாலும் டாக்டர் போனை வைக்கவில்லை. மிளகம்மா முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். வியாதியின் பெயர், எப்போது கண்டுபிடித்தது, யார் பார்க்கிறார். குரல் நடுங்கியது, ஆனால் வரிகள் வந்தன. வாந்தி எடுத்தால் காத்திருக்கக் கூடாது. வாய் வழியாக இறங்காவிட்டால் உடனே பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைத் தண்ணீர் ட்ரிப். கொழுப்புச் சத்து கலந்த ட்ரிப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சர்க்கரை நார்மலாக இருக்கிறதே என்று டாக்டர் குறுக்கிட்டார்.

"நார்மலாத்தான் இருக்கும் டாக்டர். கடைசி வரைக்கும் நார்மலா இருக்கும். அது எறங்கினதுக்கப்புறம் நமக்கு நேரம் இருக்காது."

மணிக்கு எவ்வளவு வேகத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் கேட்டார். எண் மிளகம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லப்போய் நிறுத்திக்கொண்டாள். அது அவன் போன தடவை இருந்த எடைக்குப் போட்ட கணக்கு. அவன் வளர்ந்திருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் ஞாபகத்திலிருந்து சொல்ல மாட்டேன், இப்போது எடை பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள் என்றாள். விசித்திரம் என்னவென்றால், தெரியாது என்று அவள் சொன்ன அந்த இடத்தில்தான் டாக்டரின் குரல் மாறியது.

"ட்ரிப் போடறதால கெடுதல் ஒண்ணும் இல்ல. போடறேன்," என்றார். "ஆனா அந்தப் பக்கம் எனக்கு வேணும். சீக்கிரம் அனுப்புங்க."

மேஜைக்குத் திரும்பியபோது அவளுக்குத் தலை தெளிந்திருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி இது வெறும் சர்வர். தரவுத்தளத்துக்குள் நுழைந்து என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன என்று மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக இருந்தது. பழைய அட்டவணைகளின் பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி இருந்தது. நிறுவும்போது அவள் அதைக் குறிப்பிடவில்லை. நிறைந்த பீரோவுக்குப் பக்கத்திலேயே காலி பீரோ ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டு, விக்கி அந்தக் காலி பீரோவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எதுவும் அழியவில்லை. எல்லாம் இருந்தது.

அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாள். பழைய அட்டவணைகளைப் புதுப் பதிப்புக்கு ஏற்றபடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். வரி வரியாக ஓடி முடிந்தது. பட்டன் என்று தேடினாள். வந்தது.

சந்தோஷப்படத் தோன்றவில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பக்கத்தின் இணைப்பைப் பட்டனம்மாவுக்கு அனுப்பிவிட்டு, தான் சொன்னதையும் பக்கத்தில் இருப்பதையும் விரலை வைத்து ஒப்பிட்டாள். முதல் வரி சொன்னோம். இது சொன்னோம். இதுவும் சொன்னோம். கீழே வந்தபோது விரல் நின்றது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவியை உடனே மாட்டவும். அதைச் சொல்லவில்லை. சுத்தமாக மறந்திருக்கிறாள். எத்தனை தடவை தட்டச்சு செய்த வரி!

பட்டனம்மாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பொது எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்டால் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு பதிவுக் குரல் நிதானமாகப் பாடம் நடத்தியது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எதிரில் இருந்திருந்தால் மிளகம்மா என்ன செய்திருப்பாளோ தெரியாது. கணக்காளர் அண்ணன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்தத் தடவை அவர் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் செய்தி ஒன்று வந்தது, பட்டனம்மாவிடமிருந்து. ட்ரிப் ஏறுகிறது, டாக்டர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், துடிப்பு பார்க்கும் மெஷினை ட்ரிப்புக்கு முன்னாலேயே மாட்டிவிட்டார்கள் என்று. மிளகம்மா தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் மத்தியானம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. ட்ரிப் ஏறினால் உடனே சரியாகிவிடாது, பட்டன் கண் விழிக்கும்வரை எதுவும் சொல்ல முடியாது. ஜன்னல் விலையை மாற்றினாள், மாற்றியதில் ஒரு சைபரைக் கூடப் போட்டு, மேனேஜர் வந்து கத்தும்படி வைத்துக்கொண்டாள். நடுவில் குழுவுக்கு எழுதினாள். நான் போட்ட சட்டம் முட்டாள்தனம், எல்லாரும் இன்றைக்கே பக்கத்தை அச்சடித்துத் தேதி போட்டுப் பையில் வையுங்கள், பக்கம் மாறும்போது பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள் என்று. தடித்த எழுத்தில் எழுதவில்லை. பிறகு மிளகின் பக்கத்தை அச்சடிக்கத் திறந்தாள். திறந்தவுடன் படிக்க முயன்றாள். மூன்றாவது வரிக்கு மேல் கண் போகவில்லை. பட்டனின் பக்கத்தைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவளுக்கு, பெற்ற மகளின் பக்கம் அந்நிய பாஷை போல இருந்தது. நாளைக்கே மிளகுக்குக் காய்ச்சல் வந்து, அந்த நேரம் பார்த்து எதுவும் திறக்காமல் போனால்?

சாயங்காலம் ஆபீஸ் காலியாகிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பட்டன் கண் விழித்துவிட்டான். கையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போடு என்று அம்மாவைத் திட்டுகிறான். அந்தத் திட்டு போனிலேயே பின்னால் கேட்டது. மிளகம்மா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அது அழுகையாக முடிந்தது. அழட்டும் என்று பட்டனம்மா விட்டுவிட்டாள்.

"அவன் தூங்கறப்ப சும்மா உக்கார முடியல," என்றாள் பிறகு. "மிளகு பக்கத்த மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். முழுசா வருது. ஒரு வரி விடல."

மிளகம்மா மகளின் பக்கத்தைத் திரையில் மறுபடி திறந்தாள்.

"சொல்லு," என்றாள்.

பட்டனம்மா முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். மிளகம்மா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூடவே போனாள். மூன்றாவது வரி வந்தது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு, மீதியைக் கேட்க மட்டும் செய்தாள்.